பள்ளியை விட்டு நீக்குதல் அறமாகுமா?

தமிழ்நாட்டுப் பள்ளிகள் வழங்கும் மாற்றுச் சான்றிதழில் ‘மாணவரின் ஒழுக்கமும் பண்பும்’ என்று ஒரு பத்தி உண்டு. பெயர், பிறந்த நாள், அங்க அடையாளம், பயின்ற வகுப்பு ஆகியவற்றைப் பதிவேட்டோடு ஒப்பிட்டு நிரப்பி வருபவர், இந்தப் பத்திக்கு வந்தவுடன் எந்தப் பதிவேட்டையும் புரட்டாமல் ‘நன்று’ என்று எழுதிவிடுவார். முதல் வரிசையில் அமர்ந்து ஆண்டு முழுதும் வாய் திறவாத பிள்ளைக்கும் ‘நன்று’. மணியடிக்கும் முன்னரே மதிலேறிக் குதிப்பவனுக்கும் ‘நன்று’. இது வெறும் சடங்கு என்று நகைப்போர் உண்டு. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியப் பணி செய்தவள் என்ற முறையில் நான் அந்தச் சொல்லைச் சடங்காகக் கருதுவதில்லை. ஒரு சிறுவனைப் பற்றி நமக்குத் தெரிந்த குறைகளை அவன் செல்லும் அடுத்த ஊருக்கு அனுப்பாமல் நம்மிடமே நிறுத்திக்கொள்ளும் பழைய வழக்கம் அது.

அந்த வழக்கத்தை மாற்றக் கருதிய அறிவிப்பு ஒன்று 2022ஆம் ஆண்டு மே மாதம் வெளியாயிற்று. நோய்த்தொற்றினால் நெடுநாள் மூடிக் கிடந்த பள்ளிகள் அப்போதுதான் மீண்டும் ஒழுங்காக நடக்கத் தொடங்கியிருந்தன. வட மாவட்டப் பள்ளிகள் சிலவற்றில் மாணவர் ஆசிரியரை நோக்கிக் கையோங்கியதும், வகுப்பறை மேசைகளை உடைத்ததும் கைப்பேசிப் படங்களாக ஊரெங்கும் பரவின. அவற்றைக் கண்ட மக்கள் கொதித்தனர். அந்நிலையில் பள்ளிக் கல்வித்துறை அமைச்சர் அன்பில் மகேஸ் பொய்யாமொழி அவர்கள் சட்டப் பேரவையில், ஆசிரியரிடம் ஒழுங்கீனமாக நடந்துகொள்ளும் மாணவர் நிரந்தரமாக நீக்கப்படுவர் என்றும், நீக்கத்தின் காரணம் மாற்றுச் சான்றிதழிலும் நன்னடத்தைச் சான்றிதழிலும் குறிப்பிடப்படும் என்றும் கூறினார். என்னுடன் பணியாற்றி ஓய்வு பெற்றோர் பலர் இதனை வரவேற்றனர். ‘இப்போதாவது சொன்னார்களே’ என்பதே அவர்தம் முதற்சொல். அவர்களுடைய வேதனை எனக்கு விளங்காதது அன்று. கையோங்கிய மாணவன் முன் நின்ற அந்த ஆசிரியரின் நிலையில் என்னை வைத்துப் பார்க்கின்றேன். எனினும், நீக்குதலும் நீக்கிய காரணத்தை ஏட்டில் எழுதி உடன் அனுப்புதலும் அறமாகுமா என்னும் வினாவை நம் குடும்பங்கள் அமைதியாக ஆராய வேண்டும் என்று விரும்பியே இதனை எழுதுகின்றேன். சிராவக சிராவகியருள் ஆசிரியர் பலர். ஏனையோர் பெரும்பாலும் பெற்றோர். இரு திறத்தாருக்கும் இவ்வினாவில் பங்குண்டு.

முதலில் சட்டத்தின் நிலையைச் சொல்லிவிடுகின்றேன். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் நாளில் நடைமுறைக்கு வந்தது. அதன் 16ஆம் பிரிவு, தொடக்கக் கல்வி முடியும் வரை, அதாவது எட்டாம் வகுப்பு வரை, எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக்கூடாது என்கிறது. 2019இல் அப்பிரிவு திருத்தப்பட்டு, தேர்ச்சி பெறாதோரை அதே வகுப்பில் நிறுத்தி வைக்க இடம் தரப்பட்டபோதும், வெளியேற்றத் தடை அப்படியே நிற்கின்றது. ஆகவே நிரந்தர நீக்கம் என்பது ஒன்பது முதல் பன்னிரண்டு வரையுள்ள வகுப்பினரையே சாரும். பதினான்கு வயதிலிருந்து பதினேழு வயது வரை. குரல் மாறி, மீசை அரும்பி, தந்தையோடு பேச்சு நின்று, தோழர்களின் சொல்லே வேதமாகும் பருவம் அது. தவறு மிகுதியாக நிகழும் வயதும், காக்கும் சட்டம் கைவிடும் வயதும் ஒன்றாகவே அமைந்துவிட்டன.

நீக்குதல் ஏன் இத்துணை விரைவில் நினைவுக்கு வருகின்றது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. பிரம்பு போய்விட்டது, அதன் இடத்தில் வேறொன்றும் வைக்கப்படவில்லை. நான் ஆசிரியப் பயிற்சி பெற்ற 1960களின் இறுதியில் கல்வி விதிகளில் 51ஆம் விதி என ஒன்றிருந்தது. உடல் தண்டனை கூடாது என்றே அது தொடங்கும். வேண்டுமென்றே பொய்யுரைத்தல், ஆபாசமான சொல் அல்லது செயல், வெளிப்படையான கீழ்ப்படியாமை ஆகியவற்றுக்கு மட்டும் விலக்கு அளிக்கும். அப்போதும் உள்ளங்கையில் ஆறு அடிக்கு மேற்படாமல், தலைமையாசிரியரே தருதல் அல்லது அவர் முன்னிலையில் தருதல் வேண்டும் என்று வரையறுக்கும். அந்த ஆறினை எண்ணியவர் எவர்? கரும்பலகையோடு பிறந்த உறுப்புப் போலப் பிரம்பு ஒவ்வொரு வகுப்பிலும் சாய்ந்து நின்றது. பிள்ளையைச் சேர்க்க வரும் தந்தையே ‘கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள்’ என்று சொல்லிச் செல்வார். 2003இல் தமிழ்நாட்டு அரசு அவ்விதியைத் திருத்தி உடல் தண்டனையை அறவே விலக்கியது. பின்னர்க் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடலை வருத்துதலோடு மனத்தை வருத்துதலையும் தடுத்தது. 2024 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம், தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டு நெறிகளைப் பள்ளிகளில் செயற்படுத்துமாறு மீண்டும் ஆணையிட வேண்டியிருந்தது. விதி திருத்தப்பட்டு இருபதாண்டு கடந்தும் ஆணை தேவைப்பட்டது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அடித்தலைப் பற்றி நம்மவர்க்கு நீதிமன்றம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உமாஸ்வாமி அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம், கொல்லாமை அணுவிரதத்துக்கு நேரும் அதிசாரங்கள் ஐந்தினைக் கூறுகின்றது. கட்டி வைத்தல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், அளவுக்கு மேல் சுமையேற்றல், உணவும் நீரும் தடுத்தல் என்பன அவை. சமந்தபத்திரரின் இரத்தின கரண்டகமும், அதன் வழிவந்த தமிழ் நூலாகிய அருங்கலச்செப்பும் இவற்றை அறிந்தோர்க்குப் புதியன அல்ல. காளைக்கும் ஏவலாளுக்கும் இழைக்கப்படும் கொடுமைகளை எண்ணியே உரையாசிரியர்கள் இவற்றை விளக்கினர். ஆயினும், பழைய பள்ளிக்கூடம் ஒன்றினுள் நின்று இப்பட்டியலைப் படித்தால் மெய் சிலிர்க்கும். தூணில் கட்டி வைத்தல் இருந்தது. அடித்தல் சொல்ல வேண்டா. குருதி கசியுமளவு காதைத் திருகுதல் இருந்தது. நூறு முறை எழுதி வா என்னும் இம்போசிஷன், சுமையேற்றல் அன்றி வேறென்ன? நண்பகலில் வெளியே விடாது நிறுத்தி வைத்தலும் இருந்தது. 1982 முதல் சத்துணவை நம்பியே பள்ளிக்கு வந்த பிள்ளைகளுக்கு இந்த ஐந்தாவது எத்துணைக் கொடியது என்பதை ஏழைப் பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் நின்றவர் அறிவர்.

‘பள்ளி’ என்னும் சொல்லே நம் முன்னோர் விட்டுச் சென்ற சொல். மணலூர்பேட்டைக்கு அண்மையில், தென்பெண்ணைக் கரையை ஒட்டிய ஜம்பையில், 1981இல் கண்டறியப்பட்ட தமிழ் பிராமிக் கல்வெட்டு, அதியமான் நெடுமான் அஞ்சி கொடுத்த ‘பாளி’யைக் குறிக்கின்றது. பாளி என்றால் துறவியர் உறைவிடம். துறவியர் உறைந்த பள்ளிகளில் ஊர்ப் பிள்ளைகள் எழுத்தறிந்தமையால், கல்விச்சாலைக்கும் அப்பெயரே வழங்கலாயிற்று என்பர். நம் வட்டாரத்துக் குன்றுகளின் கற்படுக்கைகளைப் பார்க்கும்போதெல்லாம் நான் எண்ணுவது இதுவே. அங்கிருந்தோர்க்கும் ஒழுங்குமுறை இருந்தது. பள்ளிக்கூட விதிகளினும் பன்மடங்கு கடுமையானது. அதனை மீறியவரை அவர்கள் என்ன செய்தனர்?

இவ்வினாவுக்கு விடை தேடும் முன், நான் அறிந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். 1980களில் நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில், கல்வராயன் மலைச் சிற்றூரிலிருந்து வந்து உறவினர் வீட்டில் தங்கிப் படித்த சிறுவன் ஒருவன் ஒன்பதாம் வகுப்பில் இருந்தான். அவன் பேச்சின் இழுப்பை மற்றவர் ஓயாமல் கேலி செய்வர். ஒருநாள் அவன் கணிதப் பெட்டியிலிருந்த கவராயத்தால் பக்கத்துப் பிள்ளையின் கன்னத்தில் குத்திவிட்டான். இன்னும் ஒரு விரற்கடை மேலே பட்டிருந்தால் கண் போயிருக்கும். அடிபட்ட பிள்ளையின் தாய் பள்ளி வாயிலில் வந்து நின்று அழுதார். ‘இவன் இருக்கும் வகுப்பில் என் பிள்ளையை எப்படி உட்கார வைப்பேன்?’ என்று அவர் கேட்டதற்கு எங்களில் எவரிடமும் மறுமொழி இல்லை. அரையாண்டுத் தேர்வு வரை அவனைத் தனியே அமர்த்திப் படிக்க வைக்கலாம் என்ற யோசனை ஆசிரியர் கூட்டத்தில் எழுந்தது, ஏற்கப்படவில்லை. இரண்டு நாளில் சான்றிதழ் கொடுத்து அனுப்பினர். ஒழுக்கமும் பண்பும் என்ற பத்தியில் வழக்கம்போல் ‘நன்று’ என்றே இருந்தது. ஆயினும் நவம்பர் மாதத் தேதியிட்ட சான்றிதழே அனைத்தையும் சொல்லிவிட்டது. ஆண்டு நடுவில் வரும் ஒன்பதாம் வகுப்புப் பையனைச் சேர்த்துக்கொள்ள அக்கம்பக்கத்துப் பள்ளிகள் எவையும் முன்வரவில்லை. அடுத்த தை மாதம் கரும்பு வெட்டும் கூட்டத்தோடு அவன் சாலையில் சென்றதை மாணவர் கண்டு வந்து சொன்னார்கள். அதற்குப் பின் அவனைப் பற்றிய செய்தி இல்லை. கேலி செய்தவர்கள் தேர்வெழுதித் தேறிச் சென்றனர்.

இனித் துறவியர் வழியைக் காண்போம். தத்துவார்த்த சூத்திரத்தின் ஒன்பதாம் அத்தியாயம் பிராயச்சித்தம் ஒன்பது என்கிறது: ஆலோசனை, பிரதிக்கிரமணம், அவ்விரண்டும் சேர்ந்தது, விவேகம், வியுத்சர்க்கம், தவம், சேதம், பரிகாரம், உபஸ்தாபனை. ஒன்பதையும் விரிக்க இவ்விடம் போதாது. முனிவர்க்கு உரியவற்றைச் சிறுவர்க்கு அப்படியே பொருத்துவதும் தகாது. வரிசையை மட்டும் நோக்குங்கள். முதலில் நிற்பது, குற்றம் செய்தவனே தன் வாயால் ஆசாரியரிடம் அதனைக் கூறுதல். ஏழாவதாகிய சேதம் என்பது துறவு பூண்ட காலத்தில் ஒரு நாளோ பதினைந்து நாளோ ஒரு மாதமோ கழித்து, மூப்பு வரிசையில் பின்னிறக்குதல். எட்டாவதாகிய பரிகாரம் என்பதே சங்கத்திலிருந்து விலக்கி வைத்தல். பூச்சியபாதர் தம் உரையில் அதற்கும் பக்கம், மாதம் எனக் கால அளவு சொல்லுகின்றார். அதற்கும் அப்பால், இறுதியாக நிற்பது உபஸ்தாபனை. அதாவது மீண்டும் தீக்கை தந்து சேர்த்துக்கொள்ளுதல்.

இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் நான் சற்று நின்றுவிடுவது வழக்கம். நாம் வகுத்த பள்ளி விதிகளில் அறிவுரை, எச்சரிக்கை, பெற்றோரை அழைத்தல், இடைநீக்கம், நிரந்தர நீக்கம் என்று படிகள் ஏறிச் சென்று கதவடைப்பில் முடிகின்றன. பிறவிக் கடலையே கடக்கப் புறப்பட்டோரின் விதியிலோ, மிகப் பெரிய குற்றத்துக்குரிய கடைசிப் படி, முதலிலிருந்து தொடங்கி உள்ளே வருதல். அவன் இழப்பது சிறிதன்று. பழைய மூப்பு முழுதும் போயிற்று. நேற்று வந்தவர்க்கும் பின்னால் நிற்க வேண்டும். ஆனாலும் இடம் இருக்கின்றது. பன்னிரண்டு ஆண்டுத் துறவியை மீட்க வழி வைத்த நூலின் வழியினராகிய நாம், பதினைந்து வயதுப் பையனுக்கு வழி வைக்காமல் விதி எழுதலாமா என்பதே என் கேள்வி.

முதற்படியையும் மறந்துவிடக்கூடாது. ஆலோசனையில் நேரும் குற்றங்கள் பத்து என்று நூல்கள் எண்ணிக் கூறுகின்றன. பிறர் கண்டுவிட்டதை மட்டும் ஒப்புக்கொண்டு காணாததை மறைப்பது ஒன்று. பெரியதை மட்டும் சொல்லிச் சிறியதை விடுவது ஒன்று. பலரும் பேசும் ஆரவாரத்தின் நடுவே, ஆசாரியர் காதில் தெளிவாக விழாதபடி சொல்லிவிட்டுப் போவது மற்றொன்று. இதனை எழுதியவர் எந்த உயர்நிலைப் பள்ளியில் பணியாற்றினாரோ என்று வியக்கத் தோன்றும்! கேட்பவர்க்கும் இலக்கணம் உண்டு. தம்மிடம் கூறப்பட்ட குற்றத்தை வெளியே கசியவிடாதவரே ஆசாரியர் ஆவர் என்று பகவதி ஆராதனை கூறுகின்றது. பழுக்கக் காய்ச்சிய இரும்பு உண்ட நீர் எவ்வாறு வெளிவராதோ அவ்வாறு என்பது அந்நூல் காட்டும் உவமை.

அந்த அளவுகோலைக் கொண்டு நோக்கினால், குற்றத்தை எழுதிய நன்னடத்தைச் சான்றிதழ் என்பது கசிவுதான். ஆசிரியர் அறிந்தது எழுத்தர் அறிவார். பின் அடுத்த பள்ளியின் வாயிற்காவலர் வரை அறிவர். பத்தாண்டு கழித்து வேலைக்கு எடுப்பவரும் அறிவார். தண்டனைக்குக் கால எல்லை உண்டு, தாளுக்கு இல்லை. பதினைந்து வயதில் சினத்தால் கையோங்கியதை இருபத்தைந்து வயதில் ஒரு நிறுவனத்தின் மேலாளருக்கு விளக்க வேண்டியிருக்கும். சட்டத்தோடு முரண்பட்ட சிறார்க்குரிய 2015ஆம் ஆண்டுச் சட்டங்கூட, தீர்ப்பினால் வரும் தகுதியிழப்பு அச்சிறாரைப் பிற்காலத்தில் தொடரக்கூடாது என்பதையே பொது விதியாக வைத்திருக்கின்றது. திருடிப் பிடிபட்ட சிறுவனுக்கு நாடாளுமன்றம் தந்த இந்தச் சலுகை, வகுப்பில் முரண்டு பிடித்தவனுக்கு இல்லை என்றால் அது பொருந்துமா?

இங்கு நம்மவர் சிலர் ஜினேந்திர பக்தன் கதையை நினைவூட்டுவர். நற்காட்சியின் எட்டு உறுப்புகளில் உபகூகனத்துக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் வணிகன் அவன். துறவி வேடத்தில் வந்து தங்கி, கோயிலின் மணியைத் திருடிக்கொண்டு ஓடியவனைக் காவலர் பிடித்தபோது, ‘நான் சொல்லித்தான் கொண்டு வந்தார்’ என்று கூறிக் காத்து, பின்னர்த் தனிமையில் இடித்துரைத்து அனுப்பினான். அறத்தின் பெயருக்குக் களங்கம் வரலாகாது என்று அவன் மறைத்தான் என்றே உபதேசங்களில் கேட்டிருக்கின்றோம். அந்தக் காரணத்தைப் பள்ளித் தலைவர்களிடம் சொல்ல நான் அஞ்சுகின்றேன். ‘பள்ளியின் பெயர் கெடும்’ என்ற ஒரு சொல்லின் கீழ் எத்தனை கொடுமைகள் புதைக்கப்பட்டன என்பதை நாளிதழ் படிப்போர் அறிவர். ஒரு பிள்ளையின் உடலைத் தீண்டிய குற்றத்தை எவரும் மறைக்கக்கூடாது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், அறிந்தவர் அனைவரும் முறையிட்டே ஆக வேண்டும் என்று கட்டளையிட்டுள்ளது. முறையிடாமை தண்டனைக்குரிய குற்றம். அந்த வணிகன் இழந்தது தன் பொறுப்பிலிருந்த மணியை. அதனை மன்னிக்க அவனுக்கு உரிமை உண்டு. அடுத்த வீட்டுப் பிள்ளையின் காயத்தை மன்னிக்கத் தலைமையாசிரியருக்கு ஏது உரிமை? தவறியவனின் பெயரைக் காப்பது வேறு, நிறுவனத்தின் பெயரைக் காப்பது வேறு. முன்னதையே நான் உபகூகனம் என்று கொள்கின்றேன். பெரியோர் மறுத்துரைப்பின் கேட்கச் சித்தமாக இருக்கின்றேன்.

இனி, எதிர்வாதத்தை அதன் முழு வலிமையோடு கூற வேண்டும். 2012 பிப்ரவரி 9ஆம் நாள் சென்னையில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் தன் ஆசிரியையை வகுப்பறையிலேயே கத்தியால் குத்திக் கொன்றான். 2023 ஆகஸ்ட் 9ஆம் நாள் இரவு நாங்குநேரியில், பட்டியல் சாதியைச் சேர்ந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவரை உடன் பயிலும் மாணவர் சிலர் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினர். தடுத்த தங்கையையும் வெட்டினர். அம்மாணவர் தமக்கு நேர்ந்த துன்பத்தைப் பள்ளியில் கூறிய பின்னர் நேர்ந்த கொடுமை இது. இவற்றைக் கண்டும் ‘சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்வது வெட்டுண்டவனை மீண்டும் வெட்டுவதாகாதா என்று கேட்பர். கேட்பது நேர்மையே. உயிருக்கு ஊறு செய்தவரைச் சட்டம் தன் வழியில் கொண்டு செல்லட்டும். அது பள்ளி விதியின் எல்லைக்குள் அடங்குவதன்று. அதே வகுப்பில், அதே பலகையில் மீண்டும் அமர்த்த வேண்டும் என்று நான் கூறவில்லை. விலக்கி வைத்தலும் நம் வரிசையில் எட்டாவதாக இருக்கத்தான் செய்கின்றது. வேறு பள்ளி, வேறு ஊர், வேறு நேரம் என எதுவும் ஆகலாம். எங்கேயோ ஓரிடத்தில் அவன் மாணவனாக இருக்க வேண்டும் என்பதே நான் வேண்டுவது. அவனுக்கு இடம் தேடித் தரும் கடமை அவனை அனுப்பிய பள்ளியையே சாரும். நான் சொன்ன மலைச் சிறுவனுக்கு எவரும் இடம் தேடவில்லை.

நாங்குநேரிக்குப் பின் அரசு அமைத்த ஒருநபர் குழு, ஓய்வு பெற்ற நீதியரசர் கே. சந்துரு அவர்கள் தலைமையில் ஆராய்ந்து 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி ஆகியவற்றைப் பள்ளியில் விலக்க வேண்டும். பெயரின் அகர வரிசைப்படி இருக்கை தர வேண்டும். ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அறநெறி வகுப்பு நடத்த வேண்டும். மாணவர் நலனுக்கெனத் தனி அலுவலர் வேண்டும் என்பன அதன் பரிந்துரைகளிற் சில. ஆசிரியர்க்கும் பணியாளர்க்கும் சட்டப்படியான நடத்தை விதி வேண்டும் என்றும் அது கூறிற்று. எனக்கு மிகப் பிடித்தது கடைசிப் பரிந்துரையே. நெற்றிக் குறியைப் பற்றிய பகுதி நம் குடும்பங்களிலும் சலசலப்பை உண்டாக்கிற்று. சந்தனம் இட்டுக்கொள்ளும் நம் பிள்ளைகள் எந்தச் சாதிப் போரிலும் இல்லையே என்றனர். உண்மைதான். ஆயினும் ஒரு விதி அனைவர்க்கும் என்று வரும்போது, நம் பிள்ளை காலையில் கோயிலில் இட்டதைப் பள்ளி வாயிலில் துடைத்துக்கொள்வதால் நல்லொழுக்கம் எதுவும் குறைந்துவிடும் என்று நான் நினைக்கவில்லை.

விதிகளைப் பற்றி இன்னொரு சொல். எந்த விதியும் ஊரை அறிந்து எழுதப்பட வேண்டும். தை மாதம் ஐந்தாம் நாள் அண்ணாமலையார் மணலூர்பேட்டை ஆற்றுக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும் நாளில் வகுப்பில் பாதிப்பேர் இரார். அதற்கு விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்புவதில் பயனில்லை. 2024 டிசம்பரில் சாத்தனூர் அணை நீர் தென்பெண்ணையில் பெருகியபோது, அக்கரையிலிருந்து வருவோரைக் காலந்தாழ்ந்தார் என்று எவர் சொல்வார்? ஒன்பதே காலுக்குக் கதவடைக்கும் விதி, பள்ளிக்கு எதிரே குடியிருப்பவனுக்கும் மலைப் பேருந்தை நம்பி வருபவனுக்கும் ஒன்றாகத் தோன்றும், ஒன்றாக நடவாது. இடம், காலம், ஆற்றல் அறிந்து பிராயச்சித்தம் தருக என்று ஆசாரியர்க்குச் சொன்னதும் இதனால்தான்.

அமெரிக்க நாட்டில், ஒஹையோ மாநிலப் பள்ளிகளில் மாணவர் சிலர் விசாரணையின்றிப் பத்து நாள் வரை இடைநீக்கப்பட்ட வழக்கில், அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1975இல் தீர்ப்பளித்தது. குற்றம் இன்னதென்று மாணவனுக்குச் சொல்ல வேண்டும். அவன் பக்கத்தைச் சொல்ல இடம் தர வேண்டும். பத்து நாள் நீக்கமே ஆயினும் இது இன்றியமையாதது என்பது அதன் சாரம். ஒன்பது நீதிபதிகளில் ஐவர் ஒப்பினர், நால்வர் மறுத்தனர். பள்ளியின் அன்றாட ஒழுங்கில் நீதிமன்றம் தலையிடலாமா என்பது மறுத்தோரின் கவலை. அக்கவலையிலும் பொருளுண்டு. ஆசிரியர் ஒவ்வொரு அதட்டலுக்கும் எழுத்து வடிவில் விளக்கம் தர வேண்டும் என்றால் வகுப்பு நடவாது. அறுபது பிள்ளைகளை ஒருவர் கட்டி மேய்க்கும் வகுப்புகளை நான் அறிவேன். ஆகவே அன்றாடத்தை ஆசிரியரிடம் விட்டுவிடலாம். பிள்ளையைப் படிப்பிலிருந்தே பிரிக்கும் முடிவை மட்டும் ஒருவர் கையில் விடலாகாது.

அதற்குரிய அவை ஏற்கெனவே இருக்கின்றது. கல்வி உரிமைச் சட்டப்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் மகளிராகவும் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2022இல் இக்குழுக்கள் திருத்தியமைக்கப்பட்டன. நம் குடும்பத்துப் பெண்மணிகள் சிலரும் அவற்றில் உறுப்பினராக உள்ளனர் என்று கேட்டு மகிழ்ந்தேன். கட்டடம், கழிப்பறை, குடிநீர் ஆகியவற்றைப் பேசுவதோடு அக்கூட்டங்கள் முடிந்துவிடுகின்றன. ஒரு மாணவனை நீக்கும் முன்மொழிவு வருமாயின் சில வினாக்களைக் கேட்டுத் தீர்மானத்தில் பதியச் செய்யலாம். அவனைத் தனியே இருத்திக் கேட்டவர் யார்? அவன் செய்ததற்கு முன்னர் அவனுக்குச் செய்யப்பட்டது என்ன? அடிபட்ட பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று அப்பிள்ளையிடமே கேட்டாயிற்றா? விலக்கி வைக்கும் நாளில் அவனுக்குப் பாடம் சொல்பவர் யார்? அவன் திரும்பி வரும் தேதி எது? கடைசி வினாவுக்கு விடை எழுதாத தீர்மானத்தில் கையொப்பம் இடாதிருக்க உறுப்பினர் எவர்க்கும் உரிமை உண்டு. அடிபட்ட பிள்ளையின் தாய் அந்தத் தேதியை எளிதில் ஒப்பமாட்டார்; அவர் வீட்டுக்கு இருமுறையோ மும்முறையோ நடக்க வேண்டியிருக்கும்.